நாலாவது கிளிப்

ஏப்ரல் 7, திங்கள்

தங்கையின் கம்ப்யூட்டர் இன்று மூன்று முறை தானாக அணைந்துவிட்டது. மூன்றாவது முறை, அப்பாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியோடு என் அறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, கொஞ்சம் பாரேன். திரும்ப ஆன் பண்ணா சூடு அதிகம்னு எழுதிக் காட்டுது."

பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் கடையில் பார்த்ததுதானே. கடையை மூடி எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் யாரும் என்னிடம் எதையும் "கொஞ்சம் பாரேன்" என்று கேட்டதில்லை. கேட்டது நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூடியைக் கழற்றினேன். ஒரு கை அள்ளலாம், அவ்வளவு தூசி. பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன். ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது. ஆனாலும் சும்மா இருக்கும்போதே எழுபது டிகிரி. அவளுடைய கட்டடப் படத்தைத் திறந்ததும் தொண்ணூற்றெட்டு. ப்ராசஸர் அப்படிக் கொதிக்கும்போது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூலரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. சூடு மேலே ஏறவே இல்லை என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், கூலரைப் போர்டோடு பிடித்திருக்கும் நாலு பிளாஸ்டிக் கிளிப்பில் ஒன்று எழும்பி நிற்கிறது. சூட்டைக் கூலருக்குக் கடத்த அடியில் வைக்கிற பேஸ்டும் காய்ந்திருக்கும். வழித்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்து, கிளிப்பைப் பெருவிரலால் அழுத்தினால் முடிந்தது. பேஸ்ட் என் இழுப்பறையிலேயே கிடக்கிறது. பத்து நிமிட வேலை.

விரலைக் கிளிப் மேல் வைத்தேன். அப்போது பின்னால் நின்று சொன்னாள்: "இந்தப் படம் பத்தொன்பதாம் தேதிக்குள்ள போயிடுச்சுன்னா வேலை எனக்குத்தான்ணா. அந்த ஊர்லயே வீடும் தர்றாங்க."

எட்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிற ஊர்.

"அப்பா?" என்றேன்.

"அதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். முதல்ல இது போகட்டும்."

என்ன யோசித்திருப்பாள்? என் தலையில் கட்டிவிட்டுப் போவாள். வேறென்ன?

விரலை எடுத்துவிட்டேன். "மதர்போர்டு போச்சு போல," என்றேன். குரல் நடுங்கியது — இல்லை, இங்கேயுமா பொய்? நடுங்கவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

அப்பாவுக்கு வாதத்தில் வலப்பக்கம் விழுந்து மூன்று வருஷம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். எனக்கு அந்த வாடை ஆகாது. கடை இருந்தவரை கடையைச் சாக்குச் சொன்னேன். இப்போது சாக்கும் இல்லை.

போர்டு பழைய மாடல், வர இரண்டு வாரமாகும் என்று சொல்லி வைத்தேன்.

"வேற யார்கிட்டயாவது காட்டலாமாண்ணா?"

"காட்டு. உன் சாஃப்ட்வேர் இந்த ஒரு மெஷின்லதான் ஓடும். எவனாவது கை வெச்சு அழிச்சிட்டா என்கிட்ட வந்து அழாதே."

முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் வேணாம். உனக்குத் தெரியாததா."

ஏப்ரல் 12, சனி

அப்பா அறையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, திறந்து கிடக்கிற கம்ப்யூட்டருக்கு நேராக வைத்திருக்கிறாள். "ஒரு வாரம்தான்பா, பொறுத்துக்கங்க," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. சூடு தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியதாம். சந்தோஷமாக வந்து சொன்னாள்.

என் அறை ஃபேன் கூரையில் இருக்கிறது. கழற்றிக் கொடுக்க முடியாதே.

ஏப்ரல் 15, செவ்வாய்

வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் அப்பாவைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கத்திவிட்டார். "இந்த வெயில்ல யாரும்மா ஃபேனை எடுத்தது? முதுகு வேர்வையில ஊறித் தோல் உரிஞ்சு கிடக்கு. மனுஷன்தானே அவரு?"

"நான்தான் சிஸ்டர்," என்று அழுதாள்.

நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். அப்பா என்னையே பார்த்தார். பேச்சு போனவர் பார்க்கத்தானே முடியும். அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

பத்து நிமிடம். இப்போதுகூடப் போய் அழுத்திவிடலாம்.

போகவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

அவள் அனுப்ப வேண்டிய படம், நூலகக் கட்டடம் ஒன்றின் உள்ளே நடந்துபோவது போன்ற வீடியோ. விடாமல் பதினோரு மணி நேரம் ஓடினால்தான் முடியுமாம். காலை ஆறுக்குத் தொடங்கினாள். மதியம் ஒன்றரைக்குக் கம்ப்யூட்டரின் இரைச்சல் சட்டென்று நின்றது. வீடே காது அடைத்த மாதிரி ஆனது. திரும்பப் போட்டால் முதலிலிருந்து ஓட வேண்டும்; முடிவதற்குள் மறுபடி அணைந்துவிடும்.

போய்ப் பார்த்தேன். கறுத்த திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் ராசி அப்படிண்ணா. நான் தொட்டது எது விளங்கியிருக்கு?"

தோளில் தட்டிக்கொடுத்தேன். தட்டும்போது ஒரு நிம்மதி. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. நேரத்துக்கு வராததைப் பார்ப்பதில்லை என்று ஒரே வரி. அவள் முகம் கழுவிக்கொண்டு போய் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள். ஃபேனும் அந்த அறைக்குத் திரும்பியது.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பேஸ்ட் வைத்து, கிளிப்பை அழுத்தினேன். டக். நாற்பத்திரண்டு டிகிரி. வந்ததும், "போர்டு வந்துச்சு, மாத்திட்டேன்," என்றேன்.

குனிந்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம்.

"பழைய போர்டு எங்கண்ணா?"

"குப்பையில போட்டுட்டேன்."

"ம்," என்றாள். அவள் போனபிறகுதான் கவனித்தேன். வாங்கிய தேதியை எழுதி அவளே ஒட்டிய சின்னச் சீட்டு, அதே போர்டின் மூலையில் மஞ்சளேறிக் கிடக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டே கேட்டாள். "எப்போ தெரியும் உனக்கு?"

"என்ன தெரியும்?"

"உன் பழைய முதலாளிக்கு ஃபோன் பண்ணேன். உள்ள கொதிக்குது, கூலர் ஜில்லுனு இருந்துச்சுன்னேன். கிளிப்பு எழும்பியிருக்கும்மா, உங்கண்ணன் கண்ணை மூடிக்கிட்டு சரி பண்ணுவானேன்னு சிரிச்சாரு."

எட்டாம் தேதியே தெரியும் என்றேன். பிறகு கத்தினேன். ஆமா, கத்தினேன். நீ பாட்டுக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவே, இங்க நான் மூத்திரம் அள்ளிக்கிட்டுக் கெடக்கணுமா, என் வாழ்க்கை என்ன ஆகறது — அப்பா காதுபட. அவர் இடக்கை போர்வையைப் பிடித்துக்கொண்டது.

அவள் நிமிரவில்லை. அடுத்த விரலுக்குப் போனாள்.

"வீல்சேர் ஏறுற மாதிரி தரை வீடா வேணும்னு கேட்டிருந்தேன். சரின்னாங்க. அப்பாவை நான் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஏப்ரல் 25, வெள்ளி

ஒரு வார்த்தை.

மே 4, ஞாயிறு

போய்விட்டாள். அதே அலுவலகத்தில் நகல் வரைகிற வேலை, முதலில் பேசியதற்கு இரண்டு படி கீழே. வீடு கிடையாது, நாலு பேர் படுக்கிற விடுதி அறையில் ஒரு கட்டில். அப்பாவைக் கூட்டிப்போக வழியில்லை.

போவதற்கு முன் மூன்று நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எப்படித் தூக்குவது, புண்ணை எப்படிக் கழுவுவது. "இடுப்புக்குக் கீழ கை குடுங்க. இழுக்காதீங்க, தோல் போயிடும்." முதலில் அப்பாவிடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். என்னிடம்தான். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றவள். அண்ணா என்பதும் போய்விட்டது.

மே 9, வெள்ளி

வாடை இன்னும் ஆகவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டால் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். இன்று கட்டவில்லை.

மே 18, ஞாயிறு

சாயங்காலம் அவளிடமிருந்து ஃபோன். "அவர் காதுல வைங்க," என்றாள். வைத்தேன். பிடித்துக்கொண்டே இருந்ததில் கை மரத்துப்போனது. அவள் என்ன சொன்னாளோ, அப்பாவுக்கு ஒரு பக்க வாய் கோணிச் சிரிப்பு வந்தது. நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. ஃபோனை என் காதில் வைத்து, "நல்லா இருக்கியா?" என்றேன்.

முன்பே வைத்துவிட்டிருக்கிறாள்.

ஆறரைக்கு அப்பாவை இடப்பக்கமாகத் திருப்பினேன். அடுத்து எட்டரைக்கு.