இரண்டு பேருக்கு ஒரு டிக்கெட்

ஈப்போ,
27.4.1988

அன்பு மகள் பெட்ரீசியாவுக்கு, அம்மா சொல்ல, உன் தங்கை ஜோன் எழுதும் கடிதம்.

மாதாவின் தயவில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, இரவு வேலை முடிந்து வந்தால் நன்றாகத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஜெபமாலையிலும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வதை அப்படியே எழுது என்றால் இவள் கேட்பதில்லை, பட்டம் வாங்கிய கையாயிற்றே, நான் பாதியில் விடுவதை எல்லாம் முழு வாக்கியமாக்கித்தான் எழுதுகிறாள், அதனால் அம்மா இவ்வளவு நிதானமாகப் பேசுகிறாளே என்று நினைத்துவிடாதே, நிதானம் ஜோனுடையது. ஆசிரியர் வேலைக்கான உத்தரவு இவளுக்கு இன்னும் வரவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் இப்போதும் அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள், இவள் எப்படித்தான் வகுப்பில் நின்று பாடம் நடத்தப் போகிறாளோ. அப்பா காலைப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து முன்னறையில் தூங்குகிறார். மத்தியானப் பிள்ளைகளை ஏற்றக் கிளம்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று நாங்கள் பின்னால் குசினியில் அடுப்போரம் உட்கார்ந்து மெல்லப் பேசுகிறோம். ஏன் மெல்லப் பேசுகிறோம் என்று கடைசி வரை படித்தால் உனக்கே தெரியும்.

எங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்கென்று நீ அனுப்பிய பணம் வந்தது. நீங்கள் இரண்டு பேர் மட்டும் போக வேண்டும், கெந்திங் மலை மேல் இருக்கும் விளையாட்டுப் பூங்காவில் ஒரு நாள் சின்னப் பிள்ளைகள் மாதிரி இருந்துவிட்டு வர வேண்டும், அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது என்று எழுதியிருந்தாய். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் ஊரை விட்டுப் போனதெல்லாம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குத்தான். அதற்குப் போகிற மாதிரிதான் இதற்கும் கிளம்பினோம், கட்டுச்சோறு, போர்வை, தண்ணீர்ப் போத்தல், தைலம். செலவைக் குறைக்கும் வழியெல்லாம் ஜோன்தான் யோசித்துச் சொன்னாள். பள்ளி விடுமுறையில் போனால் கூட்டமும் அதிகம் விலையும் அதிகம், மற்ற நாளில் போனால் அப்பாவின் வேன் ஓட்டம் போய்விடும். இவள் நாட்காட்டியைப் புரட்டிவிட்டு, சுல்தான் பிறந்தநாளுக்குப் நம் பேரா மாநிலத்தில் மட்டும்தான் விடுமுறை, அன்றைக்கு இங்கே வேன் ஓடாது, ஆனால் மலையில் அது சாதாரணச் செவ்வாய்க்கிழமை என்றாள். அப்பா பூரித்துப்போய், "படிச்ச மூளைன்னா சும்மாவா லா" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். போகவும் வரவும் இரவு ரயில், அதனால் அறை வாடகை கிடையாது. குளிருக்குச் சட்டை வாங்காமல் பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் இரவல் வாங்கினோம். அவள் புருசனுடைய கம்பளிச் சட்டை அப்பாவுக்குத் தொடை வரை தொங்கியது.

கோலாலம்பூரில் இறங்கியதிலிருந்து அப்பா என் கையை விடவே இல்லை பெட்ரீசியா. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் கோயிலுக்குப் போனால்கூட எனக்குப் பத்தடி முன்னால் நடந்த மனிதர். புடு ராயா பஸ் நிலையத்தில் அத்தனை சனம் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். எனக்கு வெட்கமாக இருந்தது, விடுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நம் மகள் காசு கொடுத்து அனுப்பியது இதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மலையில் சரியான குளிர். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று எழுதிப் போட்டிருப்பதாக முத்தம்மா முன்பே சொல்லியிருந்ததால், வாசலுக்கு வெளியே படியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றையும் நெத்திலியையும் அப்போதே தின்று முடித்தோம். டிக்கெட் வாங்குகிற இடத்தில்தான் எங்களுக்குள் தகராறு. எல்லாவற்றிலும் ஏறுகிற டிக்கெட் ஒன்று, உள்ளே போய்ச் சும்மா சுற்றிப் பார்க்கிற சின்ன டிக்கெட் ஒன்று. பெரிய டிக்கெட்டின் விலையைக் கேட்டதும் நான் பணப்பையை மூடிவிட்டேன். நீங்கள் பெரியதை வாங்கி ஏறுங்கள், நான் கீழே நிற்கிறேன், பார்த்ததை வந்து சொன்னால் நானும் பார்த்த மாதிரிதானே என்றேன். "நீயும் வா லா, நான் ஒத்தையா போய் உக்காந்தா பைத்தியம்னு நெனப்பானுங்க" என்று கெஞ்சினார். எதற்கும் கெஞ்சாதவர் ஏன் இப்படிக் கெஞ்சுகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு மிச்சமாகும் பணம்தான் கண்ணில் நின்றது. முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன்.

ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி வந்து எனக்குச் சொன்னார். தொங்கிக்கொண்டு போகும் ரயிலில் வயிறு வாய்க்கு வந்துவிட்டது என்று நடித்துக் காட்டினார், நான் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டேன். கடைசியாகப் பெரிய ராட்டினம். அதற்குள் மலை முழுக்கப் பனி இறங்கிவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து ராட்டினத்தின் மேல்பாதி தெரியவில்லை, அப்பா உட்கார்ந்த பெட்டி மேலே போய் மறைந்துவிட்டுக் கீழே வரும்போதுதான் திரும்பவும் தெரிந்தது. இறங்கினார், வேலைக்கு நின்ற பெண் அவர் கையைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டாள். வந்ததும் வராததுமாக, "சவரி, கோலாலம்பூர் பூராவும் தெரியுது லா! ரயில் டேசன் வெள்ளையா தெரியுது, அந்தாண்ட கிள்ளான் கடலு, கடல்ல ஒரு கப்பல் நிக்குது. டிக்கெட் காசுக்கு இது ஒண்ணே போதும்" என்றார். அவருக்குப் பின்னால் இறங்கிய சீனப் பையனும் அவன் பெண்டாட்டியும், மேலே வெறும் புகைதான், மூக்கு நுனிகூடத் தெரியவில்லை, காசைத் திருப்பிக் கொடு என்று அந்தப் பெண்ணிடம் மலாயில் கேலி பேசிக்கொண்டு போனார்கள்.

அப்பா வழக்கம்போல அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் கீழே இறங்கும்போது, பொய்யிலும் ஒரு அளவு வேண்டாமா, பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று அந்தப் பையன் காசைத் திருப்பிக் கேட்கிறான், உங்களுக்கு மட்டும் கப்பல் தெரிந்ததா என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "பனியா இருந்துச்சா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "எனக்கு ரெண்டு வருசமா எல்லாமே அப்படித்தான் சவரி. வெயில் அடிச்சா கொஞ்சம் தெரியும். மத்த நேரம் பூரா புகை. நீ ஏறலையே, உனக்கும் சேத்துப் பாத்துச் சொல்லணுமேன்னுதான் தெரிஞ்ச ஊரா சொன்னேன்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார், "பிள்ளைங்களுக்கு எழுதிடாதே". அவர் கை என் கையில்தான் இருந்தது. காலையிலிருந்து ஏன் பிடித்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விடியும் முன் ஈப்போவில் இறங்கினோம். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் வேன் சாவியை எடுத்துவிட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "பாதை எனக்கு மனப்பாடம் லா. கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்று விளையாட்டாகச் சொன்னார். வேன் நிறையப் பிள்ளைகள் மகளே, முதல் வகுப்புப் படிக்கிறதுகள்கூட இருக்கின்றன. ஆம்புரோஸ் அங்கிள் மாதிரி மெதுவாக ஓட்டுகிற ஆள் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று பெற்றவர்கள் எல்லோரும் தேடி வந்து பிள்ளைகளை ஒப்படைக்கிறார்கள். அப்பா மெதுவாக ஓட்டுவதற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

ஜோனிடம் சொன்னேன். இவள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. ஒரு வருடமாகவே அப்பா தேநீர் ஊற்றும்போது கிளாசுக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு ஊற்றுகிறார், விரல் நனைந்தால் நிறுத்துகிறார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்பாவிடம் போய் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்துவிட்டேன் என்றாள். உன் கடிதங்களை முன்பெல்லாம் அவர்தான் உரக்கப் படிப்பார், பிறகு "படிச்ச பிள்ள படிக்கட்டும், குரல் நல்லாருக்கு" என்று இவளிடம் கொடுக்க ஆரம்பித்தார். இவளுக்குக் கூச்சம் தெளியட்டும் என்று செய்கிறார் என நான் சந்தோஷப்பட்டேன்.

இப்போது தினமும் காலையும் மத்தியானமும் நான் வேனில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். சிவப்பு விழுந்திருக்கு, இடது பக்கம் சைக்கிள், முன்னால் லோரி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே போவதுதான் என் வேலை. பின்னால் இருக்கும் ஒரு வாண்டு, "அங்கிளும் ஆன்ட்டியும் எப்பவும் பேசிக்கிட்டே இருக்கீங்க, எங்க வீட்டுல அம்மாவும் அப்பாவும் பேசவே மாட்டாங்க" என்றது. முத்தம்மா வேலி ஓரம் நின்று, "மலைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து புருசன உட்டுப் பிரிய மாட்டேங்குறியே அக்கா, புதுப் பொண்ணு தோத்தா போ" என்று கேலி செய்கிறாள். நானும் சிரித்து வைக்கிறேன். நேற்று பத்து காஜா ரோட்டில் பின்னால் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது, என்னவென்று திரும்பிப் பார்த்தேன், அந்த ஒரு நொடியில் ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்திருக்கிறார். பிள்ளைகள் கத்திய சத்தம் கேட்டுத்தான் அப்பா பிரேக் அடித்தார். கிழவர் வேனைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அப்பா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகும் இன்று காலை ஓட்டினார், நானும் ஏறி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பேசிப் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், "கண்ணக் காட்டுனா லைசென்சப் புடுங்கிடுவான். வண்டி போச்சுன்னா நான் யாரு?" என்கிறார். தோட்டத்தைத் துரைமார் துண்டு போட்டு விற்று எங்களை வெளியே அனுப்பியபோது கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர், இந்த வேன்தான் அவர் பேரில் வந்த முதல் பொருள், அது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பிள்ளைகள் நாம் பெற்றதுகள் இல்லையே. சாவியை ஒளித்தேன், இன்னொரு சாவி வைத்திருக்கிறார். பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்றால், சொன்னால் இனிமேல் கோயில் வாசலையே மிதிக்க மாட்டேன் என்கிறார். ஜோன் எனக்குக் கெடு வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் முடிவதற்குள் அப்பா நிறுத்தாவிட்டால், ஒவ்வொரு பிள்ளை வீடாக நானே போய்ச் சொல்லுவேன் என்கிறாள். ஆள் வந்தால் ஒளிகிற பெண் கதவைத் தட்டிச் சொல்லப் போகிறாளாம். ஆனாலும் சொன்னால் செய்துவிடுவாள். அப்படிச் செய்தால் அப்பா இவள் முகத்தில் விழிக்க மாட்டார். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குத் தெம்பு இல்லை.

நீ சொன்னால் ஒருவேளை கேட்பார். என் மகள் லண்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று காணும் ஆளிடமெல்லாம் சொல்பவர் அவர். இது கண்ணில் சதை வளர்ந்ததா, உரித்து எடுத்தால் பார்வை திரும்புமா, எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். நாங்களே உனக்குப் போன் போட்டிருப்போம். உன் விடுதி நம்பரை எழுதி அனுப்பட்டுமா என்று நீ கேட்டபோது, எதற்கு வீண் செலவு, கடிதம் போதும் என்று மறுத்தது நான்தான். அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே நீ கூப்பிடு. இங்கே மாலை ஆறு மணிக்கு மேல் சீனி அண்ணன் கடையில்தான் அப்பா காப்பி குடித்துக்கொண்டிருப்பார், கிறிஸ்துமசுக்கு நீ கூப்பிட்ட அதே நம்பர்தான். அம்மா எழுதினாள் என்று சொன்னாலும் சொல், என்னோடு பேசாமல் போனால் போகட்டும். ஆனால் கோபமாகப் பேசாதே. ராட்டினத்தில் என்ன பார்த்தீர்கள் அப்பா என்று முதலில் கேள், கப்பல் கதையைச் சொல்லட்டும், பிறகு பேசு.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மாதாவும் அந்தோணியாரும் உனக்குத் துணை இருப்பார்கள், நீ தொட்ட நோயாளிகள் எல்லாம் நல்லபடி எழுந்து நடக்கட்டும். மலையில் மிச்சமான பணம் அப்படியே அரிசிப் பானைக்குள் இருக்கிறது, எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை. மறந்துவிடாதே மகளே, முன்பு நீ கூப்பிட்டால் மூன்று நிமிடம் ஆனதும் காசு போகுது வை வை என்று பக்கத்தில் நின்று கத்துவது நான்தான். இந்தத் தடவை கத்த மாட்டேன். எவ்வளவு ஆனாலும் ஆகட்டும், அவர் சரி என்று சொல்லும் வரை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சவரியம்மாள்
(கையெழுத்து மட்டும் நான் போட்டது)