ஆடியில் எடுக்காத போட்டோ

பொழிச்சலூர்,
ஞாயிறு.

அன்புள்ள வெற்றிக்கு,

உடம்பு நலம்தானே? போன் செய்தால் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அங்கே வருவதற்கான விசாவுக்கு ஆபீஸில் கேட்ட விளக்கம் இந்த மாதக் கடைசிக்குள் போயாக வேண்டும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாமல் ஏன் தனித்தனி வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்பதை எந்த ஊர் இங்கிலீஷில் சொல்வது? அம்மாவைக் கேட்டால், “ஆடியில ஒண்ணா இருந்தா சித்திரையில புள்ள பொறக்கும், வூட்டுக்கு ஆவாதுன்னு எழுதேன், இன்னா இப்போ?” என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள். ஆடி முடிவதற்குள் நீங்கள் மெல்போர்னுக்கு விமானம் ஏறிவிட்டீர்கள். நான் இன்னும் தாய்வீட்டில்தான் இருக்கிறேன்.

நேற்று மறைமலை நகரில் வேலை முடிந்து வரும்போது தாம்பரத்தில் இறங்கி, அக்கா சொன்ன வக்கீல் ஷ்யாம்சுந்தரைப் பார்த்தேன். நல்ல மனிதர். பீஸ்தான் பயமாக இருக்கிறது. பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி ஆடி வழக்கத்தை விளக்கிவிடலாம் என்றார். அந்த மாதம் இருவரும் சந்திக்கவே இல்லையா என்று கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொன்னேன். ஞாயிறுதோறும் சாமி கும்பிடப் போவதாக அம்மாவிடம் புளுகிவிட்டு, திருநீர்மலைப் படியில் உங்களோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். போட்டோ இருக்கிறதா என்றார். யார் கண்ணிலாவது பட்டால் வம்பு என்று ஒரு செல்பிகூட எடுக்க விடாதவள் நான்தானே. கட்டிய புருஷனைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததற்கு இப்போது சாட்சி வேண்டுமாம்.

போட்டோ இல்லாவிட்டால் அப்படிச் சந்தித்ததை இருவரும் தனித்தனியாக எழுதித்தர வேண்டும் என்றார். என்னுடையதை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுடையது வந்துகொண்டிருக்கிறது என்று பொய் சொன்னேன். விசா ஆபீஸ் கடிதம் வந்த அன்றே உங்களை எழுதித்தரச் சொன்னேன், எவ்வளவு நாளாகிறது வெற்றி? கேட்கும்போதெல்லாம் வக்கீலை வைத்துக்கொள், அவர் பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

வக்கீல் வழக்கத்தை எழுதுவார். அந்தப் படியில் நாம் என்ன பேசினோம், என்ன சொல்லி என்னைச் சிரிக்கவைத்தீர்கள் என்பதையெல்லாம் அவரால் எழுத முடியாது. ஒரு பக்கம் போதும். அது வந்தால் வளையலை அடகு வைத்தாவது வக்கீலைப் பிடிக்கிறேன். எழுத எதுவும் தோன்றவில்லை என்றால் அதையாவது எழுதிவிடுங்கள். பிறகு வக்கீலைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

அங்கே குளிராமே. குல்லா போடாமல் வெளியே போகாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அத்தனை ஞாயிறு மலைக்குப் போயும் பெருமாளை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இறங்கியிருக்கிறோம். அதை அவர் மனதில் வைத்துக்கொள்ளாமல் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
ஓவியா