சங்கக் கதவில் இரண்டு பூட்டு

1913, ஐப்பசி 1, வெள்ளி. காலையில் தூறல். மதியத்துக்குமேல் நல்ல மழை.

ஜமாஅத்தார் வாலிபர் சங்கக் கட்டிடத்தை எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். இது அநியாயம். இதற்கு வேறு வார்த்தை கிடையாது.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் வைத்தே அறிவிப்பு. அறிவித்தவர் நூல்கடை உசேன் முதலாளி. ஜமாஅத் தலைவர். என் வீட்டுக்காரி பாத்துமுத்துவின் பெரியம்மா மகன். இனி உ.மு. என்று எழுதினால் போதும்.

எங்கள்மேல் சொன்ன குற்றங்கள்:
மாலை வகுப்புக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிறிஸ்தவ வேதக்கார வாத்தியார் வந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார்.
பிள்ளைகள் பத்திரிகையைச் சத்தம்போட்டு வாசிக்கிறார்கள். சர்க்காரின் கண் தெருமேல் விழும்.
மஃரிப் தொழுகைக்கு ஆள் குறைகிறது.

மூன்றும் சாக்கு. உண்மை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் நூல் மூட்டை அடுக்க அவருக்கு இடம் போதவில்லை. எங்கள் கட்டிடம் ஓட்டுக் கூரை. ஒழுகாது. அவ்வளவுதான்.

கதவில் என் பூட்டு தொங்கியது. அதற்குமேல் அவர்கள் பூட்டு ஒன்று. என்னுடையதைவிடப் பெரியது. சாவியை நான் கொடுக்க வேண்டுமாம், பள்ளியில் எழுந்து நின்று பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமாம். அதுவரை நான் ஊர்விலக்கு. நல்லது கெட்டது எதற்கும் யாரும் என் வாசலை மிதிக்கக் கூடாது.

எழுந்து கேட்டேன். "தறிக்குழியிலேர்ந்து எந்திரிச்சு வாற பிள்ளை நாலு எழுத்துப் படிச்சா, அது தப்புன்னு எந்தக் கித்தாபுல எழுதியிருக்கு? அந்தக் கித்தாபக் காட்டுங்க. சாவியத் தாறேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும்: "மீரானுக்கு வயசாக ஆக நாக்கு நீளுதுவே." சிரித்தார்கள். பள்ளிவாசலுக்குள்.

பாத்துமுத்துவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கஞ்சி இரண்டு மடக்கு. நடந்ததைச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுச் சுவர் வழியாக அவளுக்கு முன்னமே வந்துவிட்டது.

ஐப்பசி 2, சனி. விடாத மழை.

தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. இறைத்தேன். மறுபடி ஊறியது. நெசவு இல்லை.

கொல்லைப்பக்கமாக சுலைமான் வந்தான். சங்கத்தை இப்போது அவன்தான் நடத்துகிறான். நல்ல நெசவாளி. கோபக்காரன். சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் கோபம் வராது.

"மாமா, ஒரு கம்பி போதும். ரெண்டு பூட்டையும் பேத்துருதோம்."

கூடாது என்றேன். உடைத்தால் நாளைக்கே போலீஸ் ஸ்டேஷனில் பிள்ளைகள் பெயர் ஏறும். அதற்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

"பூட்ட உடைச்சா நாம கள்ளன். இப்ப யாரு கள்ளன்னு ஊருக்குத் தெரியுதுல்லா? அது அப்படியே இருக்கட்டும்லே."

அவனுக்குத் திருப்தி இல்லை. சுவரில் குத்திவிட்டுப் போனான். சுவர் மண் சுவர், ஈரம். கை பதிந்திருக்கிறது.

வாத்தியாருக்கு ஆள் அனுப்ப வேண்டும், வர வேண்டாம் என்று. நல்ல மனுஷன். வந்தால் வாசலில் நின்று அவமானப்படுவார். மறந்துவிடக் கூடாது.

ஐப்பசி 5, செவ்வாய். மழை சற்று ஓய்வு. ஆற்றில் செந்தண்ணீர், கரை முட்ட.

தறிக்குப் பாவு போடும் அசனார் மவுத்து. வயதானவர்தான். கஷ்டப்படாமல் போனார்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. மய்யித்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கு சங்கத்துக்குள் இருக்கிறது. அவர்களும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பேதி வந்த வருஷம், ஒரு வீட்டு மய்யித்தை அடுத்த வீட்டுக்காரன் தொடப் பயந்தபோது, தூக்கியது இந்தப் பிள்ளைகள்தான். சங்கம் தொடங்கியதே அதற்குத்தான். எழுத்தும் பத்திரிகையும் பிறகு வந்தவை. பள்ளிவாசலின் பழைய சந்தூக்கைக் கரையான் தின்றிருந்தது. நாங்கள் பூவரச மரத்தில் புதிது செய்தோம். அன்றிலிருந்து ஊரில் எந்த மவுத்தானாலும் சந்தூக்கு சங்கத்திலிருந்துதான் புறப்படும். பிள்ளைகள் தூக்குவார்கள். அதை உள்ளே வைத்துத்தான் பூட்டியிருக்கிறார்கள்.

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் வந்தார், வாசலுக்கு வெளியே நின்றபடி. நான் என் பூட்டைத் திறந்தால் தலைவர் தன் பூட்டைத் திறப்பாராம். அவர் முதலில் திறக்கட்டும், திறந்ததை மறுபடி போடாதிருக்கட்டும், என்றேன். மோதினார் போனார், வந்தார், போனார். உ.மு. மசியவில்லை. நானும் மசியவில்லை.

லுஹர் தொழுகை நேரம் தாண்டியது. மய்யித்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? கடைசியில் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். சந்துத் திருப்பத்தில் கட்டில் கால் சுவரில் இடித்தது. ஒரு பக்கம் தாழ்ந்தது. பெண்கள் சத்தம்.

கடைசி ஆளாகப் பின்னால் போனேன். தொழுகை வரிசையில் இடம் விடவில்லை. பின்னால் தனியே நின்று தொழுதேன்.

அசனார் மகன் என்னை ஒருமுறை பார்த்தான். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

ஐப்பசி 6, புதன். மூட்டம்.

உ.மு. வீட்டிலிருந்து மாதுளம்பழம், மோதினார் கையில். தங்கச்சிக்கு என்று சொல்லச் சொன்னாராம். விலக்கு வைத்தவர் வாசல் மிதிக்க மாட்டார், பழம் மட்டும் மிதிக்குமா? திருப்பி அனுப்பிவிட்டேன்.

பாத்துமுத்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்க அண்ணன் எனக்குக் குடுத்துவிட்டத திருப்பி அனுப்ப நீங்க யாரு?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கஞ்சியை வாங்கவில்லை. சாயங்காலம் வரை திரும்பவில்லை.

கூலி நெசவுச் சேலை பாதியில் நிற்கிறது. வைத்தியர் கொடுத்த கஷாயப் பொடி தீர்ந்தது. வாங்க வேண்டும். வெற்றிலை இல்லை.

ஐப்பசி 8, வெள்ளி. மழை.

இரண்டாவது ஜும்ஆ. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தொழுதேன். எழுந்தேன். வந்துவிட்டேன். உ.மு. முகம் பார்க்க நன்றாக இல்லை. தூங்கவில்லை போல. அவர் தூங்காததற்கு நான் என்ன செய்ய?

வைத்தியர் நாடி பார்த்தார். கஷாயத்தை மாற்றவில்லை. மாற்றாதது எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் பாத்துமுத்துவுக்குத் தெளிவு வந்தது. உட்காரவைக்கச் சொன்னாள். தலையணையைச் சுவரில் சாத்தி உட்காரவைத்தேன்.

"அசனார் மாமாவ கட்டில்லதான கொண்டுபோனிய?"

ஆமாம் என்றேன்.

"என்னைய அப்படிக் கொண்டுபோகாதிய. நான் இந்தத் தெருவுல பிறந்தவ. கட்டில்ல போகமாட்டேன். கபன் துணி எங்க அண்ணன் எடுக்கணும். தாய்வீட்டு முறை அது. நீங்க எடுத்த துணி எனக்கு வேண்டாம்."

உங்க அண்ணன் வாசல் மிதிக்க மாட்டான் என்றேன்.

"அவன் வரமாட்டான். நீங்க போகமாட்டிய. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் துணியில்லாமக் கெடக்கணும், இல்லியா."

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஜமாஅத் முழுக்க எதிரே நின்று பேசுகிறவன்.

அவள் சொன்னதில் முறை உண்டு. பெண்ணுக்குப் போர்த்தி அடக்கும் கபன் துணி தாய்வீட்டிலிருந்துதான். உடன்பிறந்தான் இல்லாதவளுக்குப் பெரியம்மா மகன். இது எனக்குத் தெரியாததல்ல. அவள் உம்மாவுக்கும் அவள் தாய்மாமன் எடுத்தார். நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி 9, சனி.

சங்கம் வரை போனேன். வாசலில் பாசி. பிள்ளைகள் சிலம்பம் சுற்றும் இடத்தில் தண்ணீர் தேங்கி, தவளை. இரண்டு பூட்டிலும் துரு ஏறத் தொடங்கிவிட்டது, என்னுடையதில் கூடுதலாக. சாவி மடியில் இருந்தது. எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

மோதினார் அந்த வழியாக வந்தார். அவரிடம் கேட்டேன், என் வீட்டில் ஒன்று நடந்தால் யார் வருவார்கள் என்று. கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் குடையை மாற்றிப் பிடித்தார். "தலைவர் சொல்லாம நான் வரமுடியாது மீரான். எனக்கும் வயிறு இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போமேன்வே. வார்த்தைதான. காத்துல போயிரும்."

காற்றில் போகாது. பிழை என்று நான் சொன்னால் அது பிழையாகிவிடும். இந்த ஊரில் இனி எந்தப் பிள்ளை எழுத்துப் பலகை எடுத்தாலும், மீரானே தப்பு என்று ஒத்துக்கொண்டான் என்பார்கள். நான் மீசை வந்தபிறகு கடைப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கேலி செய்யத்தான் ஆள் இருந்தது. அந்தக் கேலிக்குத் திரும்ப இந்தப் பிள்ளைகளைக் கொடுக்க மாட்டேன்.

சுலைமானைச் சேரன்மகாதேவிக்கு அனுப்பினேன், அங்கே கட்டிக்கொடுத்த மகளைக் கூட்டிவர. வண்டி கிடைக்க வேண்டும். பாதை மழையில் கிடக்கிற நிலைக்கு எப்போது வருவார்களோ.

ஐப்பசி 11, திங்கள். மழை, காற்று.

மகள் வரவில்லை.

பாத்துமுத்து ஆளை அடையாளம் காண்கிறாள், பிறகு காணவில்லை. கை சூடு. கால் குளிர்ச்சி. தேய்த்துவிட்டேன். யாசீன் ஓதினேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது, மனப்பாடமாகத் தெரிந்த இடம்.

சாவியைக் கொடுத்தால்: இன்று சாயங்காலமே நூல் மூட்டை உள்ளே. பிள்ளைகள் தறிக்குழிக்குள்.
கொடுக்காவிட்டால்: இவள் கட்டிலில்.
மூன்றாவது வழி: எனக்குத் தெரியவில்லை. யா அல்லாஹ், தெரியவில்லை.

மதியம் கண் திறந்தபோது கேட்டுவிட்டேன். "சாவியக் குடுத்துரட்டுமா?"

என்னைப் பார்த்தாள். சிரிப்பா என்று தெரியவில்லை.

"இத்தன வருஷத்துல இப்பத்தான் என்கிட்ட ஒண்ணு கேக்குதிய."

கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐப்பசி 12, செவ்வாய்.

மகள் வந்தாள், மாப்பிள்ளையோடு. உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. வழியிலேயே சுலைமான் எல்லாம் சொல்லியிருப்பான்.

உப்பு வாங்கினேன். கஷாயம் வாங்கவில்லை.

ஐப்பசி 13, புதன். மழை நின்றிருக்கிறது.

பாத்துமுத்து சுபுஹு தொழுகைக்குப் பின் போய்விட்டாள். இன்னாலில்லாஹி.

மகள் வாயில் தண்ணீர் விட்டாள். நான் கலிமா சொன்னேன். உதடு அசைந்தது என்று மகள் சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பார்க்க முடியாதபடி கண்ணில் நீர்.

மைமூன் லாத்தா கூப்பிடாமலே வந்துவிட்டாள், மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவள். விலக்கு ஞாபகம் இருக்கிறதா என்றேன். "மய்யித்துக்கு ஏது விலக்கு? தள்ளி நில்லும்," என்றாள்.

சுலைமானும் நாலு பேரும் கொல்லையில். கம்பியோடு வந்திருக்கிறார்கள். அவனுக்கு முகம் சிவந்திருந்தது. இன்றைக்காவது உடைக்கவிடுங்கள் மாமா, என்றான். உடைக்கக் கூடாது என்றேன். என் பூட்டையும் திறக்கவில்லை. ஆனால் அவளைக் கட்டிலில் அனுப்பவும் போவதில்லை.

அது குடுமிக் கதவு, கீல் கிடையாது, மேலும் கீழும் முளையில் சுழல்வது. நிறுத்தியதே நாங்கள்தான். மேல்குடுமியைப் பிடித்திருக்கும் கட்டை உள்பக்கம், இரண்டு ஆணி. கூரை ஓட்டைப் பிரித்து ஒருவன் உள்ளே இறங்கி அந்தக் கட்டையைக் கழற்றினால், இரண்டு கதவும் பூட்டுகளோடு சேர்ந்து ஒரே பலகையாக வெளியே வரும். இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருக்கும். சந்தூக்கு வாசல் வழியாகப் புறப்படும். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை? அசனார் மவுத்திலேயே தோன்றியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை. அஸர் தொழுகைக்கு முன்:

கபர்: சுலைமானின் தம்பிமார் வெட்ட வேண்டும். வழக்கமாக வெட்டுகிறவன் வரமாட்டான். மேட்டுப் பக்கம், தண்ணீர் ஊறாத இடம்.

குளிப்பாட்ட: மைமூன் லாத்தா, மகள்.

கற்பூரம், சந்தனம், பன்னீர்: மகளின் மாப்பிள்ளை. நம் தெருக் கடையில் தராவிட்டால் பாலம் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும்.

ஓடு பிரிக்க, கதவு கழற்ற: சுலைமான், மற்ற நாலு பேர். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. ஒரு ஓடு உடையக் கூடாது. பூட்டுகளில் யார் கையும் படக் கூடாது.

அடக்கம் முடிந்ததும் சந்தூக்கைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைக்க, கதவை மாட்ட: அவர்களே. நூல் மூட்டை வந்தால் வாசலில் உட்கார: அவர்களே, முறைபோட்டு.

எழுத்துப் பாடம்: மூன்றாம் நாள் ஃபாத்திஹா கழிந்த மறுநாள் முதல் என் தறிக்கூடத்தில். சுலைமான். வாத்தியாரிடம் போய்ச் சொல்லவும் அவனே.

மவுத்து சொல்ல: தெருவில் ஒரு வீடு விடாமல், மகளின் மாப்பிள்ளை. அசனார் மகன் வீட்டுக்கு மட்டும் நான். அவன் வராவிட்டால் கோபப்படாமல் இருக்க வேண்டியதும் நான்.

தொழவைக்க: மோதினாரை ஒருமுறை கேட்க வேண்டும், சுலைமான், பையப் பேசி. வராவிட்டால் நான்.

கபன் துணி: உ.மு. வீட்டுக்கு நான் போக வேண்டும். இப்போதே, வேறு எதற்கும் முன்னால். சாவியை வீட்டில் வைத்துவிட்டு. சங்கத்தைப் பற்றி ஒரு சொல் கூடாது, பிழை என்ற சொல்லும் கூடாது. துணி மட்டும் கேட்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் போக வேண்டும். அவர் அழுதால் அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்.