ஒன்பதாம் கிரீனின் இடப்பக்கக் குழி

அனுப்புநர்:
காலஞ்சென்ற பல் மருத்துவரின் மனைவி,
கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மூலை வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மரபு இடங்கள் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: பழைய கோல்ஃப் மைதானப் புனரமைப்பு – ஒன்பதாம் கிரீனின் உண்மையான மணற்குழியை வரும் திங்கட்கிழமை மண் கொட்டி மூடவிருப்பதை நிறுத்தக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் கோல்ஃப் ஆடுபவர் அல்லர் என்று கேள்விப்பட்டேன். இம்மனுவைப் பொறுத்தவரை அது ஒரு தகுதி. ஆடுகிறவர்களிடம் பேசி அலுத்துவிட்டேன்.

2. கிரீன் என்பது பந்தை உருட்டிக் குழியில் சேர்ப்பதற்காக ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தளம். அதன் ஓரத்தில், தப்பாக அடித்தவரைத் தண்டிக்க மணற்குழி வெட்டியிருப்பார்கள். எங்கள் ஒன்பதாம் கிரீன் இடமிருந்து வலமாகச் சரியும். விவரமுள்ள ஆட்டக்காரர் பந்தை இடப்பக்கம் இறக்கி, சரிவில் தானாக உருண்டு வரவிடுவார். அதனால்தான் மைதானத்தை முதலில் வடிவமைத்தவர் மணற்குழியை இடப்பக்கம் வைத்தார். சுலபமான வழியில் ஆபத்தை வைப்பதுதான் அவருடைய பாணி. மைதானம் முழுவதும் அப்படித்தான் இருக்கிறது.

3. பழைய வடிவத்தை மாற்றாமல் மீட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தங்கள் அலுவலகம் நிதி வழங்கியது. மைதானத்தை நடத்தும் கிளப் இவ்வேலைக்கென அமைத்த குழுவினர் ஒன்பதாம் கிரீனின் வலப்பக்கம் ஒரு புதுக் குழியைத் தோண்டி, அதுவே ஆதிக்குழி என்கிறார்கள். இடப்பக்கத்தில் இருப்பது பிற்காலத்தில் யாரோ சேர்த்ததாம். ஆகையால் அதை மூடப் போகிறார்களாம். புல்லை வெட்டி வெட்டி ஓரங்கள் சுருங்கிப்போன கிரீனை வலப்பக்கமாக விரித்தும்விட்டார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டு மாட்டிய கதையாக இருக்கிறது இப்போது.

4. இவர்களுடைய ஒரே ஆதாரம் ஒரு புகைப்படம். என் கணவர் ஒன்பதாம் கிரீனின் மணற்குழிக்குள் நின்று பந்தை வெளியே அடிக்கும் காட்சி. பின்னால் வானமும், பிற்பாடு புயலில் விழுந்த மரங்களும் மட்டுமே தெரியும். அப்படத்தைக் கிளப்புக்குக் கொடுத்தது நான்தான். பெரிதாக்கி மாட்டிவிட்டு அசலைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிப் போனார்கள். பெரிதாக்கிய ஸ்டுடியோ படத்தை இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டது. அசல் தொலைந்துவிட்டதாம். படத்தில் குழி கிரீனுக்கு வலப்பக்கம் இருக்கிறது. என் கணவர் இடக்கையால் ஆடுகிறார்.

5. அவர் இடக்கைக்காரர் அல்லர். இந்நகரத்தில் பாதிப் பேருக்கு அவர் வலக்கையால்தான் பல் பிடுங்கியிருக்கிறார். கிளப் தலைவரின் கடைவாய்ப்பல் அவற்றில் ஒன்று. படத்தில் அவர் சட்டைப்பை வலப்பக்கம் இருப்பதையும் சுட்டிக் காட்டினேன். அந்தக் காலத்தில் அப்படியும் தைப்பார்கள் என்றார் குழு அமர்த்திய வடிவமைப்பு ஆலோசகர். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். ஆலோசகர் அப்போது பிறந்திருக்கவில்லை.

6. கிளப் செயலாளர் என்னை உட்கார வைத்து, குளிர்பானம் வரவழைத்து, "ஆன்ட்டி, அங்கிள் ரெண்டு கையாலயும் ஆடியிருப்பாரு. வயசாயிட்டா இதெல்லாம் மறந்துபோறது சகஜம்தானே?" என்றார். யாருக்கு வயதானதைக் குறிப்பிட்டார் என்று நான் கேட்டேன். அவர் என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நான் அவருக்கு ஆன்ட்டி அல்ல என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

7. இதற்குப் பிறகு, படத்தின் கீழே ஒரு பித்தளைத் தகடு பொருத்தியிருக்கிறார்கள். அதில் என் கணவரை "கிளப்பின் பெருமைக்குரிய இடக்கை ஆட்டக்காரர்" என்று எழுதியிருக்கிறார்கள். தவறைத் திருத்துவதைவிட ஒரு மனிதரைத் திருத்துவது இவர்களுக்கு எளிதாக இருக்கிறது. அவர் இறந்துவிட்டார், மறுக்க மாட்டார் என்ற தைரியம்.

8. எனக்கு இதில் பேச உரிமை இல்லை என்பது குழுவின் வாதம். உறுப்பினர் என் கணவர். நான் உறுப்பினரின் மனைவி. அவர் காலமான மறுமாதமே என் கிளப் அட்டை செல்லாது என்று தகவல் வந்தது. மகளிர் கோப்பையை மூன்று முறை வென்றவள் நான். ஒரு முறை இறுதியாட்டத்தில் தோற்றதும் உண்டு. அது இதே ஒன்பதாம் கிரீனில், இதே இடப்பக்கக் குழியில். பந்தை வெளியே எடுக்க முடியாமல் ஊரே பார்க்க நின்றேன். வென்ற ஆட்டங்களில் பல எனக்கு மங்கிவிட்டன. அந்தக் குழி எந்தப் பக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

9. என் மருமகனும் அக்குழுவில் இருக்கிறார். குழியை மூடுவதற்கான வாக்கெடுப்பில் அவரும் கை தூக்கினார். எந்தக் கை என்று நான் விசாரிக்கவில்லை. "விடும்மா, அவர் நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணும்ல? குழி எந்தப் பக்கம் இருந்தா உனக்கென்ன?" என்கிறாள் மகள். அவள் அப்பாவின் வலக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள். இருந்தும் கேட்கிறாள்.

10. சென்ற வாரம் மழை பெய்தது. கிரீனின் தண்ணீர் முழுவதும் சரிவில் இறங்கிப் புதுக் குழியில் தேங்கிவிட்டது. பம்பு வைத்து இறைத்தார்கள். மறுநாள் மறுபடியும் நிரம்பியது. தவளைகள் கத்துவது என் படுக்கையறைவரை கேட்கிறது. தண்ணீர் வடிகிற பக்கம் மணற்குழி வைக்கும் அளவுக்கு அந்த முதல் வடிவமைப்பாளர் முட்டாள் என்று தங்கள் அலுவலகம் நம்புகிறதா என்பதை அறிய விரும்புகிறேன். ஆலோசகர் இதற்கும் விடை வைத்திருக்கிறார்: வடிகால் குழாய் போடப் போகிறாராம்.

11. வலப்பக்கம் தோண்டியபோது ஆழத்தில் ஒரு கைப்பிடி பழைய மணல்கூடக் கிடைக்கவில்லை. மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். இடப்பக்கக் குழியின் சுவரை ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டிப் பார்த்தால் போதும். மேலே இப்போதைய வெள்ளை மணல், அதற்கடியில் என் காலத்துப் பழுப்பு மணல், அதற்கும் அடியில் எனக்கு முந்தையவர்கள் கொட்டியது, எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். படம் பொய் சொல்லலாம், கிழவி உளறலாம். அந்த மணலை யாரும் நேற்று கொண்டுவந்து அடுக்கியிருக்க முடியாது. ஆனால் மூடி, இயந்திரம் விட்டு அழுத்திவிட்டால் அதுவும் கலைந்துவிடும். பிறகு அந்தப் பித்தளைத் தகடுதான் சரித்திரம்.

12. ஆகவே தாங்கள்

(அ) திங்கட்கிழமை வேலையை நிறுத்தி உத்தரவிடவும்,

(ஆ) கிளப்புக்குக் கடன்படாத ஒரு பொறியாளரை அனுப்பி, அச்சுவரை வெட்டிப் பார்க்கச் செய்யவும்,

(இ) பழைய மணல் கண்டால், அக்குழியை அப்படியே காக்கவும், படத்தைச் சரியான பக்கம் திருப்பி மாட்டவும், தகட்டைக் கழற்றவும் ஆணையிடவும் வேண்டுகிறேன். பழைய மணல் இல்லையென்றால் நான் அக்குழுவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். அதே வாக்குறுதியை அவர்களிடமும் வாங்கி வைக்கவும்.

13. தங்கள் உத்தரவு ஞாயிறு மாலைக்குள் வராவிட்டால், மறுநாள் காலை மண் லாரி வரும்போது நான் அக்குழிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என் பின்வாசலிலிருந்து அது கூப்பிடு தூரம்தான். இதை மிரட்டலாகக் கொள்ள வேண்டாம், தகவலுக்காகத் தெரிவிக்கிறேன். என் முழங்கால்கள் இருக்கும் நிலையில் அதற்குள் இறங்க என்னால் முடியும். ஏறி வர முடியாது. எனவே தங்கள் உத்தரவைக் கொண்டு வருபவர், அது எந்த உத்தரவாக இருந்தாலும், என்னைத் தூக்கிவிட இன்னொருவரையும் உடன் அழைத்து வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி மூலை வீடு
நாள்: வியாழக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பல் மருத்துவரின் மனைவி,
முன்னாள் மகளிர் சாம்பியன்