மனுவில் அடித்த வரி

வியாழன் இரவு.

என் விவாகரத்து மனுவை வக்கீலம்மா இன்று படித்துக் காட்டினார். 'கணவர் குடித்துவிட்டு அடிப்பார்' என்று ஒரு வரி வந்தது.

"அவரு என்ன ஒருநாளும் அடிச்சது இல்லீங்க. அத எடுத்துடுங்க" என்றேன்.

"இது இருந்தாதாம்மா பொண்ண உங்ககிட்ட விடுவாங்க."

"நாளைக்கு அவளே இத படிப்பா. அப்பன பத்தி ஏன் பொய் சொன்னேன்னு கேப்பா."

அவர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். "சரி, நடந்தத சொல்லுங்க."

சொன்னேன். கணவர் அரக்கோணத்துக்கு வேறொருத்தியோடு குடித்தனம் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகளை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. அவள் டைபாய்டில் கிடந்தபோது போன் செய்தேன். "டூட்டில கீறேன்" என்று வைத்துவிட்டார்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு தோற்றுவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கூண்டில் ஏற்றினாலும் இதையேதான் சொல்வேன். எத்தனை வாய்தா ஆனாலும் போவேன்.