டான் கடையில் ஏழு கிண்ணம்

ஷார்ஜா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் ஜோஸ்மிக்கு, அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நான் சுகம், வயிற்றைத் தவிர. சிங்கப்பூரில் நீயும் உன் ஆஸ்பத்திரி டியூட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் ரூமில் ஐந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படி. ஊரில் அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. ஆனால் வெய் லியாங் என்ற சீனப் பையனைக் கட்டப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஏதோ நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு வந்து உன் முன்னால் நிறுத்தியதுபோல. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

அந்த முடிவைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை துபாய்க்குப் போனேன். பையனுடைய தாய்மாமா டான் அங்கே சத்வா பகுதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று நீதானே சொன்னாய். பார்த்து, எங்களுக்கு இதில் சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவதாகத்தான் திட்டம். கோபப்படாதே, முழுதும் படி. துபாயில் கடை வைத்துப் பழகியதில் அவருக்கும் ஹிந்தி வரும், எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை அதுதான். என்னுடையது ஏசி ரிப்பேர் ஹிந்தி, அதில் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்ல வரும், கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வராது. ரூம்மேட் கௌஸ் முகைதீன்தான் மூன்று நாள் பாடம் நடத்தி அந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் ஆக்கிவிட்டான். பேச்சுக்கு ஆள் வேண்டுமே என்று அவனையும் கூட்டிக்கொண்டேன். அவன் ஜும்மா முடிந்து பிரியாணியும் முடித்து வந்தான், நான் பூசை முடிந்து வெறும் வயிற்றோடு வந்தேன். எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

கடை என்றால் ஒரு அடுப்பு, ஆறு முக்காலி. டானுக்கு என் வயதுதான் இருக்கும், கழுத்தில் துண்டு. நான் வாயைத் திறக்குமுன் உட்கார வைத்து, பெரிய கிண்ணத்தில் சோறு போட்டு, அதன்மேல் இறால், கணவாய், சிப்பி, மீன் துண்டு எல்லாம் அடுக்கி, கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றினார். கடைசியில் பொரித்த சோறு ஒரு கை தூவினார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு! ரசம் முதலில் வந்துவிட்டது, குழம்பு பின்னால் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மிளகாய் மருந்துக்குக்கூட இல்லை. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது மகளே, மீன் தெரிந்தவன் வாங்கிய மீன் அது. கடல்புரத்தில் பிறந்த நான் சொல்கிறேன், நம்பு.

சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தை வழித்துவிட்டு வாக்கியத்தைச் சொல்ல வாய் எடுத்தேன். இரண்டாவது கிண்ணம் வந்துவிட்டது. என் தட்டில் சோறு மிச்சம் கிடந்ததை உன் அம்மாகூடப் பார்த்ததில்லை, அதையும் முடித்தேன். மூன்றாவது வந்தது. நாலாவதுக்குக் கிண்ணத்தைக் கையால் மூடினேன். டான் சட்டியோடு பொறுமையாக நின்றார், ஆவியில் கை வெந்து நான் எடுத்ததும் ஊற்றிவிட்டார். ஐந்தாவதில் மற்ற வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார், எனக்குச் சட்டி போதாது என்று. நடுவில் சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டு நான் சாப்பிடுவதைத் தன் தங்கச்சிக்கு, அதாவது பையனின் அம்மாவுக்குக் காட்டினார். அந்த அம்மாள் முகத்தில் பயம் தெரிந்தது. பெண்ணும் இப்படித்தான் சாப்பிடுமா, பெரிய சட்டி வாங்க வேண்டுமா என்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

ஆறாவதில் எனக்குக் கண் சொருகியது. கௌஸுக்கே பொறுக்காமல், பாய், ஏன் இந்த மனுஷனைக் கொல்லுறீங்க என்று ஹிந்தியில் கேட்டுவிட்டான். டான் பதறிப்போய், எங்கள் வீட்டு வழக்கத்தில் கிண்ணம் காலியானால் விருந்தாளிக்கு இன்னும் பசி என்று அர்த்தம், வயிறு நிறைந்தவர் கொஞ்சம் மிச்சம் வைப்பார், இவர் வைக்கவே மாட்டேன் என்கிறாரே, நான் என்ன செய்ய என்று அழாக்குறையாகச் சொன்னாராம். கௌஸ் என் காதில், ஓய், ஒரு வாய் மிச்சம் வையும், இல்லேன்னா பெட்டியிலதான் ஊருக்குப் போவீரு என்றான். ஏழாவது கிண்ணத்தில் ஒரு இறாலும் ஒரு கரண்டிச் சோறும் மிச்சம் வைத்தேன். ஐம்பத்தாறு வயதில் முதல்முறை. வெட்கமாக இருந்தது.

டான் அப்பாடா என்று என் எதிரே உட்கார்ந்தார். இதுதான் நேரம் என்று வாக்கியத்தை நினைவுபடுத்திக்கொண்டேன். மகளே, உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், சாதியோ ஊர்ப்பேச்சோ எனக்குப் பெரிதில்லை. நாளை உன் பிள்ளைகள் என்னிடம் ஏதாவது கேட்டால் எனக்குப் புரியுமா, உன் வீட்டு மூலையில் நான் பொம்மைபோல உட்கார்ந்திருப்பேனோ என்ற பயம்தான். அப்போது டான் அந்த மிச்சத்தைப் பார்த்தார், குப்பை வாளியைப் பார்த்தார், கொட்ட மனம் வரவில்லை. என் கரண்டியையே எடுத்து, என் எச்சில் சோற்றை, அந்த இறாலோடு சாப்பிட்டு முடித்துவிட்டார். கௌஸ் வாய் பிளந்து நின்றான். நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது உன் எச்சிலை நான் தின்றிருக்கிறேன். என் எச்சிலை இதுவரை யாரும் தொட்டதில்லை, உன் அம்மாகூட. தொட்டவரிடம் எப்படியம்மா இல்லை என்று சொல்வது? மூன்று நாள் படித்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன், வயிற்றில் அதற்குத்தான் இடம் இருந்தது. அச்சா, சரி, என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டிக்குப் பிறகு நன்றாகத் தூங்கு. அவர்கள் வீட்டில் சாப்பிட்டால் மறக்காமல் ஒரு வாய் மிச்சம் வை. வெய் லியாங் நம் வீட்டுக்கு வந்தால் தட்டை வழித்துச் சாப்பிடச் சொல், இல்லாவிட்டால் அம்மா அழுவாள். பெரிய சட்டி வாங்க வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கட்டும்.

என்றும் உன் அப்பா,
தேவதாஸ்

பி.கு: முடிவை அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வயிறு சரியில்லை.