அடுத்த தெரு ரசியாவின் தந்தி

அன்பு மச்சானுக்கு, சலாம்.

சைகோன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் கவலைப்படவே இல்லை.

வியாழக்கிழமை தபால்காரர் தந்தி கொண்டுவந்தார். பாகூருக்குத் தந்தி வந்தால் சாவுச் செய்திதான். "இந்த ரசியா நான் இல்லண்ணே, இது அடுத்த தெரு ரசியாவுக்கு" என்று திருப்பி அனுப்பினேன்.

மறுநாளும் வந்தார். "இன்னாம்மா, அந்தப் பொண்ணுக்கு நிக்காவே ஆவலியே! சைகோன்லேர்ந்து யாரு அனுப்புவாங்க?"

"மாப்பிள்ளை பாக்கறாங்களோ இன்னாவோ!" என்று கதவைச் சாத்திவிட்டு, சுத்தமாக இருந்த அண்டாவையே புளி போட்டுத் தேய்த்தேன்.

பொறுமையிழந்தவர் தந்தியைப் பிரித்து, பிரெஞ்சைத் தமிழாக்கித் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். "காய்ச்சல் விட்டது. வேலைக்குப் போகிறேன்."

கதவைத் திறந்து, "எங்க வூட்டுதுதான், குடுங்கண்ணே" என்றேன். தெருவே சிரித்தது.

நான் பயந்துவிட்டதாக உங்கள் அக்கா எழுதுவார், நம்பாதீர்கள். ஆனாலும், இனி நல்ல செய்திக்குக் கடிதமே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தைரியசாலி